நான்கு கட்டைகளின் மேல் ஒரு பனிக்காலம்

பாறைமட்டம் எஸ்டேட்டில் பனி கார்த்திகையில் இறங்கி மாசியில் ஏறும். அந்த நான்கு மாதமும் முதலாளி மனோகர் துரையின் பச்சை நிற வண்டி, தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த ஷெட்டில் நான்கு தேக்குக் கட்டைகளின் மேல் நிற்கும். அதன் இடப்பக்க இருக்கையில் என் மனைவி அன்னமயில் உட்கார்ந்திருப்பாள். நான்கு பனிக்காலம் அப்படி உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவதில் உட்காரவில்லை.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் செய்தது, இரண்டே பேர் உட்காரலாம், துணிக்கூரையை மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளலாம், கம்பிச் சக்கரம், இரண்டு கார்புரேட்டர், கதவு முழங்கால் உயரத்துக்குத்தான் இருக்கும். கப்பலேறிப் போன வெள்ளைக்காரர் ஒருவர் துரையின் அப்பாவுக்கு விட்டுப்போனது. மாசி முடிந்து கார்த்திகை வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் துரை அதை எஸ்டேட் சாலையில் ஓட்டுவார், கொழுந்துக் கூடையோடு வருகிறவர்கள் சத்தம் கேட்டதுமே ஓடைக்குள் இறங்கி நிற்பார்கள், ஒதுங்கத் தெரியாத கோழிகளும் ஒரு கன்றுக்குட்டியும் செத்தன, அதைப் பற்றி யாரும் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

நான் எஸ்டேட் மெக்கானிக். பேர் சங்கிலி. தேனிப் பக்கத்திலிருந்து அன்னமயிலைக் கூட்டிக்கொண்டு மலையேறியவன். அவளுடைய சாதி வேறு, என்னுடையது வேறு, அவளுக்கு மூன்று அண்ணன்மார், மூன்று பேரும் சொன்ன சொல் தவறாதவர்கள். அதனால் எங்களுக்குக் கீழே இறங்கும் வழி கிடையாது. மேலே வந்த ஆறாம் வருஷம் அவளுக்கு இளைப்பு கண்டது. வெயில் மாதங்களில் ஒன்றும் தெரியாது, பனி விழுந்ததும் நெஞ்சு பூட்டிக்கொள்ளும். எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஏகாம்பரம், "இன்னொரு பனிக்காலம் தாங்காது சங்கிலி. கீழ கூட்டிட்டுப் போயிரு" என்றார். "கீழ போனா பனிக்காலம் வரைக்கும்கூட தாங்காது" என்றேன்.

வண்டியைப் பனிக்காலத்துக்குக் கட்டையேற்றுவதை நான் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. வண்டியின் டூல்ஸ் பெட்டிக்குள் ஒரு இங்கிலீஷ் புத்தகம் கிடந்தது. ஐந்தாம் வகுப்பு படித்தவன், அகராதி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வருஷத்தில் அதைப் படித்து முடித்தேன். கடைசிப் பகுதி முழுக்க, மழையைப்போலப் பனி பெய்கிற ஊரில் வண்டியை எப்படித் தூங்கவைப்பது என்பதைப் பற்றியது. அதன்படி ஒவ்வொரு கார்த்திகையும் வண்டியைக் கழுவி, சக்கரத்துக்கு மேலே ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டி, இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, பத்து மைல் ஓட்டி எஞ்சினைச் சூடாக்கி, சூடு ஆறுவதற்குள் பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயிலை ஊற்றி, பெட்ரோல் டாங்கியில் காற்றுக்கு இடமில்லாமல் கழுத்துவரை நிரப்பி, ரேடியேட்டர் தண்ணீரைச் சொட்டில்லாமல் வடித்து, நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு கரண்டி ஆயில் விட்டு, கிராங்க் கம்பியால் மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றி, பாட்டரியை எடுத்துப்போய் அடுப்படிப் பலகையில் வைத்து, எலி புகாமல் புகைக்குழாயில் ஆயில் துணியை அடைத்து, கை பிரேக்கை விட்டுவிட்டு, ஜாக்கி வைத்துத் தூக்கி ஒரு சக்கரத்துக்கு ஒரு கட்டையாக நான்கு கட்டைகளை அடியில் கொடுத்து, டயர் தரையைத் தொடாமல் நிறுத்துவேன். நாலாவது கட்டையைச் செப்புச் சுத்தியலால் தட்டி உள்ளே தள்ளும்போது வண்டி ஒரு பெருமூச்சு விடும். அப்புறம் மாசி வரை தொடக் கூடாது.

முதல் வருஷம் நான் நாலாவது கட்டையைத் தட்டப்போன நேரத்தில் அன்னமயில் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள். மேட்டில் ஏறி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது, வண்டியின் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தாள், "கஞ்சியில உப்பு" என்று சொல்லத் தொடங்கினாள், நான் கட்டையைத் தட்டினேன். அவள் நெஞ்சில் கீச்சிட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து, தூக்குச்சட்டியை மடியில் வைத்தபடி இருந்தாள்.

ஏகாம்பரம் வந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்தார். "இருக்கா. அவசரமில்லாம இருக்கா. ஒரு பீடி தீர்றதுக்கு ஒரு துடிப்பு" என்றார். நான்கு ஆள் சேர்ந்து தூக்கிப் பார்த்தோம், வண்டி அசைந்தது, அவள் அசையவில்லை. துரை வந்தார், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"வேர்வையில சீட்டுத் தோல் கெட்டுப்போகுமா?"

"வேர்க்கல, துரை."

"அப்ப சரி."

அந்தப் பனிக்காலத்தில் எஸ்டேட்டில் ஏழு பேர் செத்தார்கள். மாசி இருபதாம் தேதி நான் பாட்டரியைக் கட்டி, பிளக்கை மாட்டி, கிராங்கைச் சுற்றினேன், மூன்றாம் சுற்றில் எஞ்சின் பிடித்தது. அன்னமயில், "கூடிப்போச்சு, மோரு ஊத்திக் குடிங்க" என்றாள். பிறகு மடியிலிருந்த சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அய்ய, என்னங்க இது இப்படிக் காஞ்சு கெடக்கு?" என்றாள். நெஞ்சில் சத்தமில்லை. நான்கு மாதம் அவளைத் தாண்டிப் போயிருந்தது, அவ்வளவுதான்.

ஊர் இதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. முதல் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாம் நாள் வலப்பக்க இருக்கை யாருக்கு என்று கேட்டார்கள். ரேஷன் கடைக்காரர், கட்டையேறினவர்களுக்கு நாலு மாதம் சர்க்கரை கிடையாது என்று எழுதிப் போட்டார். கோயில் பூசாரியிடம், கட்டையேறியிருக்கும்போது பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு உண்டா என்று கேட்டார்கள். அவர் மூன்று நாள் யோசித்து, தீட்டு மாசியில் எழுந்த பிறகுதான் தொடங்கும் என்றார். டீக்கடையில் என்னைப் பார்த்தால், "மெக்கானிக்குக்கு வருஷத்துல நாலு மாசம் லீவு" என்பார்கள், "எம் பொண்டாட்டிய வாய மட்டும் கட்டையேத்த முடியுமா சங்கிலி?" என்பார்கள், நானும் சிரித்துக்கொள்வேன். அவள் உயிரோடு இருந்தாள், எனக்கு அது போதும்.

இரண்டாம் வருஷம் வலப்பக்கத்தில் பெரிய கிளார்க்கின் அப்பாவை உட்காரவைத்தார்கள். கடைசி மூச்சில் கிடந்தவர். நாலு மாதம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கடைசி மூச்சிலேயே இருந்து, மாசியில் எஞ்சின் பிடித்ததும் அதை விட்டார். சொந்தக்காரர்களுக்குக் கோபம். "இதுக்கு கார்த்திகையிலயே அடக்கம் பண்ணியிருக்கலாம்" என்றார்கள்.

துரை என்னைக் கூப்பிட்டார். "ரிப்பேரான வண்டியக் கட்டையேத்துனா மாசியில ரிப்பேரான வண்டிதான் எறங்கும். நீதானே சொன்ன? இனிமே நல்லா இருக்கிற ஆளாப் பார்த்து ஏத்து."

நல்லா இருக்கிற ஆள் எதற்குத் தூங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஊருக்கே விடை தெரிந்திருந்தது. சொத்தைப் பிரித்துக் கேட்கும் தம்பி, விடிந்ததும் குடிக்கிற புருஷன், வாயாடி மாமியார் என்று பட்டியல் நீண்டது. மூன்றாம் வருஷம் துரை அதிலிருந்து ஒரு பேரைக் காட்டினார். கங்காணி வேலாண்டியின் மகள் செங்கமலம், இருபது வயது. தேயிலைப் பெட்டி ஏற்ற வரும் லாரி டிரைவர் தாமஸோடு போகப்போகிறேன் என்று தகப்பனிடமே சொன்னவள்.

"அந்தப் புள்ளைக்கு ஒரு சீக்கும் இல்லையே, துரை" என்றேன்.

"உன் பொண்டாட்டி இந்த வருஷம் உக்காரணுமா, வேண்டாமா?"

அவ்வளவுதான் பேச்சு.

அன்னமயில் வழக்கம்போலத் தலைக்குத் துண்டு சுற்றிக்கொண்டு வந்து இடப்பக்கம் உட்கார்ந்தாள். மூன்று கட்டை கொடுத்தாகிவிட்டது. அப்போது செங்கமலத்தை அவளுடைய இரண்டு அண்ணன்மாரும் தூக்கிவந்து வலப்பக்கம் திணித்து, தோளை அழுத்திப் பிடித்தார்கள். அவள் கத்தினாள். கத்தல் தொழிற்சாலைச் சுவரில் பட்டுத் திரும்பிவந்தது. அன்னமயில் எழப்போனாள், கதவில் கை வைத்தாள், "விடுங்கடா, புள்ளைக்கு" என்றாள், என்னைப் பார்த்தாள். அவள் இறங்கிவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. கட்டையைத் தட்டினேன்.

மாசியில் எஞ்சின் பிடித்ததும், "கை வலிக்குமில்ல" என்று அவள் முடித்தாள். பக்கத்தில் செங்கமலம், கார்த்திகையில் விட்ட இடத்திலிருந்து கத்தி முடித்தாள். பிறகு இருவரும் சுற்றிலும் பார்த்தார்கள். வெயில் அடித்தது.

"தாமஸ் எங்க?" என்று செங்கமலம் கேட்டாள்.

கூடியிருந்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல ஒரே குரலில் சொன்னார்கள். அவளை வால்பாறையில் கட்டிக்கொடுத்துவிட்டதாக அவனிடம் சொன்னதையும், அவன் ஒரு மாதம் டீக்கடையில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததையும், தை மாதம் ஊருக்குப் போய் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டதையும். "நல்லதாப் போச்சு" என்றார்கள். அவளுடைய அம்மா பேச்சியம்மாள் மகளின் கலைந்த தலையை வாரிவிடச் சீப்பு கொண்டுவந்திருந்தாள்.

அன்னமயில் என்னோடு எட்டு நாள் பேசவில்லை. ஒன்பதாம் நாள், "அடுத்த வருஷம் அந்தப் புள்ளைய ஏத்தினா நான் ஏற மாட்டேன்" என்றாள்.

"ஏத்த மாட்டேன்" என்றேன்.

அடுத்த வருஷமும் ஏற்றினேன். வேலாண்டி பார்த்த மாப்பிள்ளையைச் செங்கமலம் வேண்டாமென்றுவிட்டாள், அதனால் மறுபடியும் அவள் பேர்தான். இந்த முறை ஏகாம்பரம் காலையிலேயே காப்பியில் தூக்கமருந்து கலந்து கொடுத்திருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்தபடி வந்தாள். "தானாத்தான் வந்தா. சம்மதம்னு சொல்லிட்டா" என்று அன்னமயிலிடம் சொன்னேன்.

"தூங்குதே?"

"அலுப்பு."

அவள் என்னை நம்பினாள். அவள் துண்டைச் சரிசெய்துவிட்டுத்தான் கட்டையைத் தட்டினேன்.

பனிக்காலத்தில் நான் என்ன செய்வேன் என்று யாரும் கேட்டதில்லை. காலையில் தொழிற்சாலை, மாலையில் ஷெட்டுக்குப் போய் வண்டியின் மேல் மூடிய பருத்தி விரிப்பை விலக்கி அவள் முகத்தைப் பார்ப்பேன், திரும்ப மூடுவேன். எனக்கு நரை விழுந்தது, அவளுக்கு இல்லை. நான்கு வருஷத்தில் அவள் என்னைவிடப் பதினாறு மாதம் குறைவாக வாழ்ந்திருந்தாள். நான் ஒருத்தனாக வெங்காயம் உரித்துக்கொண்டு, அவள் மாசியில் என்ன சொல்லி முடிப்பாள் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

பொங்கலுக்கு எழுப்பக் கூடாதா என்று ஊர் முதல் வருஷத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. நான் புத்தகத்தில் உள்ளதைச் சொல்வேன். குளிரில் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்துவதைப்போலக் கேடு வேறில்லை. சூடாகாத எஞ்சின் உள்ளுக்குள் வேர்க்கும், அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் சிலிண்டரில் உட்காரும், உட்கார்ந்த இடத்தில் துருப்பிடிக்கும். ஓட்டினால் ஒரு மணி நேரம் நன்றாகச் சூடேற ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் தொடவே கூடாது. மூன்று வருஷம் இதைச் சொல்லி எல்லோரையும் திருப்பி அனுப்பினேன்.

நாலாம் வருஷம் போகிக்கு முந்தின நாள் பேச்சியம்மாள் வந்தாள். "தம்பி, பொங்கப்பானை பொங்குற நேரம் மட்டும். அஞ்சே நிமிசம். எம்மகளுக்கு என் கையால ஒரு வாய் ஊட்டிக்கிறேன்" என்றாள்.

"கூடாதுக்கா."

டீக்கடையில் வேலாண்டி எல்லோருக்கும் கேட்கும்படி, "இவனுக்குப் பொண்டாட்டி மேல ஆசை இருந்தால்ல? நாலு மாசம் ஏச்சுக் கேக்காம நிம்மதியா இருக்கான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் டீயைக் குடித்து முடித்தேன். பொங்கலுக்கு எழுப்பச் சம்மதித்தது அவன் சொன்னதற்காக என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அது பொய். அவள் குரலைக் கேட்க வேண்டும்போலிருந்தது, அதுதான் காரணம். துரைக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள், கேமராவோடு, அவரும் சரியென்றார்.

பொங்கலன்று காலை புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. ஷெட் கதவைத் திறந்துவைத்து வாசலில் மூன்று கல் கூட்டிப் பானை ஏற்றினார்கள். ரேடியேட்டரில் வெந்நீர் ஊற்றினேன், கிராங்கைச் சுற்றினேன், ஏழாம் சுற்றில் பிடித்தது. இருவரும் கண் திறந்தார்கள்.

நான் அன்னமயிலைப் பார்த்திருக்க வேண்டும். புகைக்குழாயைத்தான் பார்த்தேன். வெள்ளைப் புகையோடு தண்ணீர் சொட்டியது, ஒவ்வொரு சொட்டும் எஞ்சினுக்குள் எத்தனை சொட்டு தங்குகிறது என்பதை எனக்குச் சொன்னது. செங்கமலம் வாசலில் வெள்ளைப் புல்லைப் பார்த்தாள், மாசி இல்லை என்று தெரிந்துகொண்டாள். கதவின்மேல் பெரிய அண்ணன் சாய்ந்து நின்றான். அவள் கத்தவில்லை. என் பக்கம் குனிந்து, "அண்ணே, அணைச்சிராதீங்க. கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்று மெதுவாகச் சொன்னாள்.

பானை பொங்கியது. எல்லோரும் பொங்கலோ பொங்கல் என்று கூவினார்கள். பேச்சியம்மாள் ஓடிவந்து, சூட்டோடு ஒரு கவளம் பொங்கலை மகள் வாயில் வைத்து அடைத்தாள், விருந்தாளிகள் படம் எடுத்தார்கள். ஒரு மணி நேரம் ஓடவிட்டால் எஞ்சினுக்கு நல்லது. அதற்குள் அந்தப் பெண் எப்படியும் இறங்கிவிடுவாள். ஆனால் பனிக்காற்று ஷெட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. எனக்குக் கீச்சுச் சத்தம் கேட்டது. நெஞ்சு பூட்டும்போது அன்னமயிலிடமிருந்து வருகிற அதே சத்தம். கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன். வாயில் சோறோடு செங்கமலம் அப்படியே நின்றுபோனாள்.

அவசரமாகத் தண்ணீரை வடித்தேன், சிலிண்டருக்கு ஆயில் விட்டேன். மாசி இருபதாம் தேதி கிராங்கைச் சுற்றினேன். அசையவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தொங்கினோம். அசையவில்லை. உள்ளே துருப்பிடித்துப் பிஸ்டன்கள் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. துரை என் கன்னத்தில் ஒன்று விட்டார், வண்டிக்காக.

பங்குனி முழுக்கச் சிலிண்டருக்குள் மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவைத்தேன், தினமும் மரக்கட்டை வைத்துத் தட்டினேன். பனி போய் வெயில் வந்தது, வண்டிக்குள் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஊர் இதையும் பழகிக்கொண்டது. யாரோ முன் சக்கரத்துக் கட்டையில் குங்குமம் வைத்தார்கள், யாரோ விளக்கேற்றினார்கள், வண்டிப் பெயிண்டில் எண்ணெய் படக் கூடாது என்று துரை சொன்னதால் எல்லாப் பூசையும் கட்டைகளுக்கு நடந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஒருவர் பின் ஒருவராக வந்து, கேட்காத காதென்று நினைத்துக்கொண்டு மனதிலிருந்ததையெல்லாம் கொட்டினார்கள். ஏகாம்பரம் மருந்துப் பாட்டிலில் தண்ணீர் கலந்ததைச் சொல்லி அழுதார். துரைகூட ஒரு சாயங்காலம் தனியாக வந்து அரைமணி நேரம் நின்றார்.

சித்திரையில் ஒரு நாள் வேலாண்டி ஷெட்டுக்கு வந்து என்னிடம் கேட்டான். "ரெண்டுல ஒண்ணுதான் வரும்னா என்ன பண்ணுவ?"

நான் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "எம் பொண்டாட்டி வந்தாப் போதும், கங்காணி."

"எனக்கும் அதுதான் சௌகரியம்" என்றான்.

வைகாசி முதல் வாரம் எஞ்சினைச் சுற்றி நான்கு கரியடுப்பு வைத்து ஒரு நாள் முழுக்கச் சூடேற்றினேன். மறுநாள் காலை கிராங்க் ஒரு நூலளவு நகர்ந்தது. மத்தியானம் ஒரு சுற்று. மூன்று மணிக்கு எஞ்சின் பிடித்து, செம்மண் நிறத்தில் புகை கக்கியது. ஊரே கூடியிருந்தது.

செங்கமலம் வாயிலிருந்த சோற்றை உள்ளங்கையில் துப்பினாள். நாலு மாதச் சோறு, அரிசியாகக் காய்ந்திருந்தது. அதைக் கீழே உதறிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினாள். பெரிய அண்ணன் குறுக்கே வந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, அவனுக்குப் பின்னாலிருந்த தகப்பனைப் பார்த்தாள்.

"சௌகரியமா இருந்துச்சாப்பா?" என்றாள்.

வேலாண்டியின் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குப் புரிந்தது. பொங்கலன்று நான் பாதியில் அணைத்ததிலிருந்து அவர்கள் தூங்கவில்லை. அசைய முடியாமல், இமைக்க முடியாமல், நாலு மாதமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஏகாம்பரம்தான் முதலில் நழுவினார். பிறகு ஒவ்வொருவராக. அவள் பார்க்கும் பக்கமெல்லாம் கூட்டம் விலகியது. யார் பேச்சையும் அவள் திருப்பிச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பேச்சியம்மாள் மட்டும், "எம்மா, ஒரு வாய் தண்ணி" என்று செம்போடு பின்னால் ஓடினாள். செங்கமலம் நாலரை மணி பஸ்ஸில் ஏறிப்போனாள். யாரும் தேடவில்லை.

அன்னமயில் இறங்கி, என் கையிலிருந்த ஸ்பானரை வாங்கிப் பெட்டியில் போட்டாள். "வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள். சித்திரையில் நான் வேலாண்டியிடம் சொன்னதை அவளும் கேட்டிருப்பாள். அதைப் பற்றி அவள் பேசவில்லை. சமைத்தாள், துவைத்தாள், பக்கத்து வீட்டுக்காரியோடு சிரித்துப் பேசினாள். காறித் துப்பினால் மட்டும் துரு நிறத்தில் வந்தது.

அந்த வருஷம் பனி ஐப்பசிக் கடைசியிலேயே இறங்கிவிட்டது. வண்டியைச் சீக்கிரமே கட்டையேற்றிக்கொள்ளத் துரையிடம் உத்தரவு வாங்கிவந்தேன்.

"நான் உக்காரல" என்றாள் அன்னமயில்.

"இந்தத் தடவை எழுப்ப மாட்டேன். சத்தியமா. பக்கத்து சீட்டுல யாரையும் ஏத்தவும் மாட்டேன்."

"ஏத்துவீங்க."

கீழே உட்கார்ந்து அவள் காலைப் பிடித்தேன். "உன் உசுருக்காகத்தானே எல்லாம் பண்ணேன். அன்னிக்குக்கூட உனக்கு நெஞ்சு பூட்டுன சத்தம் கேட்டுத்தான் அணைச்சேன்."

அவள் என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"எனக்கு அன்னிக்கு நெஞ்சு பூட்டலங்க" என்றாள். "நல்லாத்தான் மூச்சு வந்துச்சு. பனியப் பார்த்து நாலு வருசமாச்சு, புல்லெல்லாம் வெள்ளையா, பொங்கலு வாசம் வேற. இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கலாம்னு நெனச்சேன். உங்களக் கூப்பிட வாயத் தொறந்தேன். நீங்க என் பக்கம் திரும்பவே இல்ல."

அப்போதுதான் அந்தச் சத்தம் எதுவென்று எனக்கு விளங்கியது. குளிர்ந்த கார்புரேட்டர் காற்றை உறிஞ்சும் சத்தம். பத்து வருஷமாக நான் கேட்டுப் பழகிய சத்தம். மலையில் வேறு எவனுக்குமே அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கார்த்திகை மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி, வெயிலில் பனி உருகுவதைப் பார்த்தபடி அன்னமயில் செத்தாள். லேசாகச் சாகவில்லை. இரண்டு நாள் ஆனது. கடைசி வரை ஷெட்டுக்குத் தூக்கிப்போகவா என்று கேட்டுக்கொண்டிருந்தேன், கடைசி வரை தலையை ஆட்டினாள். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டுத் திரும்பும்போது பெரிய கிளார்க் என் தோளில் கை போட்டு, இடப்பக்க சீட்டு இனிமேல் பட்டியல்படி போகுமா, இல்லை என் சொந்தத்துக்குத்தானா என்று விசாரித்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாள் ஷெட்டுக்குப் போனேன். துரை ஆள் விட்டிருந்தார், பனி பலமாக இருக்கிறது, வண்டி வெளியே நிற்கிறது என்று. பட்டியலில் முதல் பேர் பேச்சியம்மாள். வைகாசியிலிருந்து அவள் அழுகையை நிறுத்தவில்லை, சமைக்கும்போதும் அழுதாள், கொழுந்து கிள்ளும்போதும் அழுதாள். வீட்டில் இருக்க முடியவில்லை என்று வேலாண்டியே கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தான். அவள் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

ஆயிலை மாற்றினேன், டாங்கியை நிரப்பினேன், மூன்று கட்டை கொடுத்தேன். பிறகு சுத்தியலை வேலாண்டியிடம் நீட்டினேன்.

"நாலாவது கட்டையை நீங்க தட்டுங்க, கங்காணி. இந்த வருஷம் நான் உக்காருறேன்."

"மாசியில யாரு எறக்குவா?"

"எறக்க வேண்டாம்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுச் சுத்தியலை வாங்கிக்கொண்டான். நான் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தேன். தோல் சில்லென்று இருந்தது. எங்கே தட்ட வேண்டும், எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன். தட்டினான். வண்டி பெருமூச்சு விடவில்லை.

"தூக்கம் வந்துருச்சா?"

"இல்ல. எடுத்துட்டு மறுபடி தட்டுங்க."

தட்டினான். மூன்று தடவை எடுத்து மூன்று தடவை தட்டினான். நான் கண்ணை மூடிக்கொண்டு, அவள் எங்கே உட்கார்ந்திருந்தாளோ அங்கேயே, பேச்சியம்மாளின் அழுகையைக் கேட்டபடி முழுதாக விழித்திருந்தேன்.

"உன் கையில தட்டினாத்தான் ஆகும்போல" என்றான் வேலாண்டி. "எறங்குப்பா. அவ எவ்வளவு நேரம் பனியில நிப்பா?"

இறங்கினேன். பேச்சியம்மாளை உட்காரவைத்து, சேலை கதவில் சிக்காமல் எடுத்துவிட்டு, சுத்தியலை வாங்கிக் கட்டையைத் தட்டினேன். அவள் அழுகை நின்றது.